பதினாலாம் கட்டில்

கிழக்கே பொதியமலைத் தொடர் நீலத்திரை விரித்தாற்போல் நெடுகக் கிடக்க, மேற்கே சங்குமுகத்துக் கடல் ஓயாது கரையைத் தடவி நிற்க, இடையே குன்றுகளின் மீதும் அவற்றின் மடிகளிலும் தென்னையும் பலாவும் செறிந்த தோப்புகளுக்கு நடுவே தன் செவ்வோட்டுக் கூரைகளை ஒளித்தும் காட்டியும் விளங்கும் திருவனந்தபுர நகரத்தின்மேல், எழுபதுகளின் நடுவே ஓர் ஆண்டு, மார்கழியின் கடைவாரத்தில், அந்நகர மாந்தர் எதிர்பாராத குளிரொன்று வந்து இறங்கிற்று. கோட்டை மதில்கள் காலை எட்டு மணி வரையில் பனிக்குள் நின்றன. சாலை என்னும் அங்காடித் தெருவின் மொத்தக் கடைக்காரர்கள் கதவு திறக்க ஒரு நாழிகை தாமதித்தனர். மூட்டை சுமப்போர் தலைத்துண்டைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, ஒருவரோடொருவர் பேசுவதையும் குறைத்துக்கொண்டனர். தம்பானூர்ப் பேருந்து நிலையத்தில் தேநீர் வாங்கியோர் அதனைப் பருகுமுன் குவளையைக் கன்னத்தில் ஒற்றி எடுத்தனர். வடபுலத்தார் கேட்டால் இதுவும் ஒரு குளிரோ என நகைப்பர். ஆயினும், நல்லீர், ஆண்டு முழுவதும் வேர்வையிலேயே திளைத்த உடம்புகளுக்கு அக்குளிர் மெய்யாகவே பெரிதாயிருந்தது.

தம்பானூருக்கு அணித்தான தைக்காட்டில், சரிவான சந்து ஒன்றின் கடைக்கோடியில், இரண்டு அறையும் ஓர் அடுக்களையுமாக அமைந்த சிறுவீட்டில் ஞானசிகாமணியும் அவர்தம் மனைவி ஜெயபாயும் வாழ்ந்து வந்தனர். அவர் தொடர்வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியும் விளக்கும் ஏந்தி முப்பத்து நான்கு ஆண்டு பணியாற்றிய வண்டிக் காவலர். அவள் அரசு மருத்துவமனையொன்றில் செவிலியாய்ப் புகுந்து தலைமைச் செவிலியாய் உயர்ந்தவள். சென்ற ஆண்டு ஆனித் திங்களில் அவளும், ஆவணித் திங்களில் அவரும் ஓய்வு பெற்றனர். ஒரே மகள் மணமாகி மதுரையில் இருந்தாள். கிறித்து பிறப்புக்குக் கட்டிய தாள் விண்மீன் முற்றத்துக் கம்பத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற வேண்டுமென்று இருவரும் நினைத்தனர், மற்றவர் கழற்றட்டுமென்றும் இருவரும் நினைத்தனர்.

முப்பத்தோராண்டு இல்லறத்தில் அவர்கள் ஒருவரையொருவர் கண்ட பொழுதுகளைக் கூட்டினால் அது சில ஆண்டுகளுக்கும் மிகாது. அவர் செங்கோட்டை வண்டியில் போய் மூன்றாம் நாள் மீளுகையில் அவள் பணிக்குப் புறப்பட்டிருப்பாள். அவள் பணி முடித்து இல்லம் புகுகையில் அவர் அடுத்த வண்டிக்கு விளக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆகவே அடுக்களைக் கதவில் ஒரு கற்பலகை தொங்கிற்று. "மீன் குழம்பு உறியில்," என்று அவள் எழுதுவாள். "கண்டேன். வியாழன் வருவேன்," என்று அதன்கீழ் அவர் எழுதுவார். மகளுக்கு அம்மை போட்ட செய்தியும், அவர் தந்தையார் மறைந்த செய்தியும்கூட அப்பலகையின் வழியேதான் ஒருவரிடமிருந்து ஒருவர்க்குச் சென்றன. பிணக்கு என்பது அவர்களிடையே இருந்ததில்லை. பிணங்குதற்கு வேண்டிய நேரம் இல்லாமையே அதற்குக் காரணம் என்பதை இருவரும் அறிந்திலர்.

ஓய்வு பெற்ற பின்னும் அவர் காலை தோறும் நிலையத்துக்குச் சென்று ஒரு பலகையில் அமர்ந்து வண்டிகளைப் பார்த்துவிட்டு நண்பகலில் திரும்புவார். அவளோ பிற்பகலில் தன் பழைய தோழியரைக் காணச் செல்வாள். அந்தக் குளிர்வாரம் அவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்திற்று. திங்கட்கிழமை அவர்க்கு இருமல் கண்டது. வெளியே போகலாகாதென்று அவள் தடுத்தாள். அவரைத் தடுத்துவிட்டுத் தான் மட்டும் போவது முறையன்று எனத் தானும் தங்கினாள். விடியல் முதல் விளக்கேற்றும் வரை ஒரே கூரையின்கீழ் இருவரும் இருந்த முதல் நாள் அதுவே எனலாம். செய்தித்தாளைப் பக்கம் பிரித்துப் படித்தனர். பின்னர் பக்கங்களை மாற்றிக்கொண்டனர். அதன்பின் என்ன செய்வதென்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாளரம் குறித்துப் பூசல் எழுந்தது. அவள் மூடினாள்; அவர் திறந்தார். அவள் மீண்டும் மூடினாள். அவர் எழுந்து கொக்கியை நீக்கி இரு கதவையும் அகலத் தள்ளினார். பனிக்காற்று உள்ளே பாய்ந்து மேசைமேலிருந்த தாள்களைக் கீழே சிதறடித்தது.

"இருமலு வச்சுக்கிட்டு எதுக்கு இப்படித் தொறந்து போடுதீங்க? சொன்னாக் கேக்கணும்," என்றாள் ஜெயபாய்.

"இது வார்டு இல்ல, ஜெயா. வீடு. என்னை நோயாளி மாதிரி நீ விரட்ட வேண்டாம்."

"நோயாளியானா சொன்ன பேச்சு கேப்பான். நீங்க கேக்க மாட்டீங்க."

"அப்பம் ஆஸ்பத்திரிக்கே போ. அங்கதான உனக்குச் சுகம்."

சொல்லியதும் அவர் முகம் மாறியது. ஆயினும் சொல் சொல்லப்பட்டுவிட்டது. ஜெயபாய் தன் பெட்டியைத் திறந்தாள். நாகர்கோவிலில் கைம்பெண்ணாய்த் தனித்து வாழும் தன் தங்கை சற்குணம், "அக்கா, இனியாவது என்னோடு வந்து இருந்துவிடு," என்று ஐந்து திங்களாய் எழுதிவரும் மடல்களை அவள் பெட்டியிலிருந்து எடுத்தாள். அன்று பிற்பகலே, தை பிறந்ததும் வருகிறேன், வந்தால் அங்கேயே இருப்பேன் என்று மறுமொழி எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மேசைமேல் வைத்தாள். அவர் அதன்மேல் எழுதிய பெயரைப் படித்தார். யாதும் வினவாது சட்டையை மாட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே சந்தின் முனைக்குச் சென்று, அஞ்சற்பெட்டியில் அதனை இட்டுத் திரும்பினார். அவர் வினவியிருந்தால் அவள் அதனைக் கிழித்தெறிந்திருப்பாள். அவள் கிழித்தெறியக்கூடும் என்று அவர் நினைத்திருந்தால் வினவியிருப்பார். அவ்விரவு அவள் அடுக்களையை ஒட்டிய அறையில் சாளரத்தை இறுக மூடிப் படுத்தாள். அவர் முன்னறையில் திறந்து வைத்துப் படுத்தார்.

புதன்கிழமை காலையில் காய்ச்சல் கண்டது அவர்க்கன்று, அவளுக்கு. வலப்பக்க விலாவில் மூச்சிழுக்கும்தோறும் முள் குத்துவதுபோல் ஒரு வலி. எத்தனையோ நெஞ்சுகளின் ஓசையைக் கேட்டுப் பழகியவளாதலின் தனக்கு நேர்ந்தது இன்னதென்று அவள் உடனே உணர்ந்தாள். உணர்ந்தும், வெந்நீரும் சுக்கும் போதுமெனக் கூறிப் போர்வைக்குள் சுருண்டாள். அண்டைவீட்டு அம்மிணி பால் கொண்டுவந்தவள் வாயிற்படியில் நின்று, "சேச்சிக்கு எந்து பற்றி?" என்று மலையாளத்தில் நலம் வினவ, "ஒண்ணுமில்ல, சாரமில்ல," என்று படுத்தபடியே விடை தந்தாள். நோயாளிகள் அவளிடம் சொல்லிவந்த பொய்யும் அதுவே.

நண்பகலில் ஞானசிகாமணி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை ஒருகணம் நோக்கினார். பின்னர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"எங்க போறீங்க?"

"டாக்டரைக் கூட்டிட்டு வாரேன்."

"வேண்டாம். நான் சொல்லுத மருந்த வாங்கிட்டு வந்தா மதி, அது போதும்."

"ஜெயா," என்றார் அவர், குரலை உயர்த்தாமலே. "நான் பச்சைக்கொடி காட்டாம என் வண்டி ஒரு தடவையும் நகர்ந்தது கிடையாது. டிரைவரு எத்தன பெரிய ஆளானாலும் செரி. இப்பம் நீ அனங்காம, அசையாமக் கிட."

அவள் வியப்போடு தலையணையில் சாய்ந்தாள். அவ்வாறு ஒருவர் தன்னிடம் ஆணையிட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று அவள் எண்ணத் தொடங்கி, எண்ணி முடிக்குமுன் உறங்கிப்போனாள்.

வந்த மருத்துவர் இளைஞராயிருந்த காலத்தில் அவளிடம் ஊசியேற்றப் பழகியவர். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டு, நுரையீரலில் அழற்சி என்றும், மருத்துவமனைக்கு வந்துவிடுதலே நலமென்றும் கூறினார். தான் ஆண்ட நோயாளிக் கூடத்திலே தானே ஒரு கட்டிலில் கிடப்பதை ஜெயபாய் நினைத்துப் பார்த்தாள். மாட்டேன் எனத் தலையசைத்தாள். மருத்துவர் அவளை நோக்காது அவர்பால் திரும்பினார்.

"மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நேரம் தப்பக்கூடாது. காலையில நான் வந்து ஊசி போடறேன். உங்களால பார்த்துக்க முடியுமா?"

"நேரமா?" என்றார் ஞானசிகாமணி. "நேரம் தப்பாது."

அதன்பின் நிகழ்ந்தவற்றுள் பாதியை அவள் அறியாள். கொல்லையில் துணி அலம்பும் ஓசை கேட்டது. கஞ்சி அடிப்பிடித்த மணம் வந்தது. பிறகு அடிப்பிடியாத கஞ்சியின் மணம் வந்தது. உலோகக் கரண்டியொன்று உதட்டில் பட்டது. வியாழக்கிழமை பிற்பகலில் காய்ச்சல் நூற்றுநான்கைத் தொட, கூரையின் ஓடுகள் விலகி மருத்துவமனைக் கூடத்தின் உயர்ந்த வெண்மையான மேற்றளமாயின. வரிசைவரிசையாய்க் கட்டில்கள் எழுந்தன. எங்கோ ஒருவர் நீர் கேட்டார். அவள் எழ முயன்றாள். யாரோ தோளைப் பற்றி மெல்லக் கிடத்தினர். அவ்வளவே அவள் நினைவில் நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கண்விழித்தபோது உடம்பு நனைந்து குளிர்ந்திருந்தது. தலை, மழை ஓய்ந்த முற்றம்போல் தெளிந்திருந்தது. சாளரம் சாத்தப்பட்டு, இடுக்குகளில் பழந்துணியும் செருகப்பட்டிருந்தது. அவர் அறையில் இல்லை. கட்டிலருகே முக்காலியில், அவர் பணிக்காலத்தில் வண்டியின் போக்குவரவைக் குறித்துவந்த அதே வகைக் குறிப்பேடு ஒன்று விரிந்து கிடந்தது. நேராகவும் நெருக்கமாகவும் அமைந்த அவர் கையெழுத்தை அவள் கற்பலகையில் கண்டதன்றி ஏட்டில் கண்டதில்லை. எடுத்துப் படித்தாள்.

"புதன். 1.05 மாத்திரை. 1.40 கஞ்சி, ஏற்கவில்லை. 2.30 கஞ்சி, நான்கு கரண்டி. 7.05 மாத்திரை. வியாழன். 1.05 மாத்திரை. 7.05 மாத்திரை. 9.00 ஊசி. 11.15 விரிப்பு மாற்றினேன். 1.05 மாத்திரை. 2.10 பேசினாள். என்னிடம் அல்ல."

ஜெயபாய் அவ்வரியில் சற்றே நின்றாள். மேலும் படித்தாள்.

"2.25 எழுந்து போகப் பார்த்தாள். பிடித்துக் கிடத்தினேன். 2.40 பதினாலாம் கட்டில் எங்கே என்று கேட்டாள். அறியேன் என்றேன். அழுதாள். 2.50 மறுபடி கேட்டாள். இங்கே இருக்கிறேன் என்றேன். வலி உண்டா என்றாள். இல்லை என்றேன். கஞ்சி குடித்தாயா என்றாள். குடித்தேன் என்றேன். நன்றாகத் தூங்கு என்றாள். தூங்கினாள். 7.05 மாத்திரை. வெள்ளி. 1.05 மாத்திரை. 5.30 வியர்த்தது. காய்ச்சல் 100."

ஏட்டை மடியில் வைத்து அவள் நெடுநேரம் சுவரை நோக்கியிருந்தாள். பதினாலாம் கட்டிலில் கிடந்தவர் பூந்துறைப் பக்கத்து முதியவர் ஒருவர். முதுகெலும்பு முறிந்து பதினோரு திங்கள் அங்கே கிடந்தார். அவரைக் காண ஒருநாளும் ஒருவரும் வந்ததில்லை. ஆதலால் கூடத்துக்குள் நுழைந்ததும் முதற்கண் அவர் கட்டிலுக்கே அவள் செல்வாள். வலி உண்டா, கஞ்சி குடித்தாயா, நன்றாகத் தூங்கு. நாள்தோறும் அந்த மூன்று சொற்றொடர்தாம். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. இத்தனை காலமும் தன் வீட்டிலிருந்த மனிதரிடம் அந்த மூன்றையும் ஒருமுறையேனும் தான் கேட்டதுண்டா என அவள் தன்னையே வினவினாள். கேட்டிருக்கலாம், நினைவில் இல்லை. காய்ச்சலில் பிதற்றுகையில் கேட்டிருக்கிறாள், அதுவும் வேறொருவர் என்று எண்ணி.

கதவு மெல்லத் திறந்தது. கையில் குவளையோடு ஞானசிகாமணி வந்தார். முகத்தில் மூன்று நாள் நரைத்தாடி, கண்கள் சிவந்திருந்தன, தோளில் போர்த்திய கம்பளி பனியில் ஈரமாயிருந்தது.

"எந்திரிச்சாச்சா? ஏழு அஞ்சு ஆகப்போவுது. மாத்திரை."

அவள் விழுங்கினாள். "கம்பளி என்ன இப்படி நனைஞ்சிருக்கு? நீங்க எங்க கிடந்தீங்க?"

"முற்றத்துல நாற்காலி போட்டு இருந்தேன். கதவு பூட்டாம, சும்மா சாத்திதான் கிடந்துது. நீ கூப்பிட்டாக் கேக்கும்."

"இந்தக் குளிருலயா? உள்ள கிடக்கப்படாதா?"

அவர் சாளரத்தைப் பார்த்தார். அவளைப் பாராமல் சொன்னார்: "மூடின ரூமுல எனக்கு மூச்சு முட்டும் ஜெயா. உனக்குக் குளிரு ஆகாதுன்னு டாக்டரு சொன்னாரு. அதான் மூடிட்டு நான் வெளிய இருந்துட்டேன்."

"மூச்சு முட்டுமா? எப்பம் இருந்து?"

முக்காலியிலிருந்த குவளையை நகர்த்திவிட்டு அவர் அதில் அமர்ந்தார். சொல்லலாமா வேண்டாமா எனத் தயங்கியவர்போல் கைவிரல்களை ஒவ்வொன்றாய் நீவினார்.

"ஆரியங்காவுப் பக்கம் மலையக் குடைஞ்சு வண்டி போற ஒரு குகை உண்டுல்லா. அந்த ஏத்தத்துக்குப் பின்னால ஒரு இஞ்சின் வச்சுத் தள்ளுவாங்க. ஒருநா மழையில சக்கரம் வழுக்கி, குகைக்குள்ளயே வண்டி நின்னு போச்சு. பின்னால இஞ்சினு, அதுக்கு முன்னால என் பெட்டி. புகை முழுக்க உள்ள வந்துது. ஜன்னலு ஈரத்துல ஊதி இறுகிக் கிடந்துது, தொறக்கல. முக்கா மணிக்கூறு. தரையில கிடந்து, கதவு இடுக்குல மூக்க வச்சு மூச்சு விட்டேன். செத்துட்டேன்னுதான் நெனச்சேன்."

"எந்த வருசம்?"

"நம்ம மோளு பத்தாங்கிளாசு எழுதின வருசம்."

"எங்கிட்ட சொல்லலியே."

"வந்து பாத்தேன். நீ டியூட்டிக்குப் போயிட்டே." அவர் ஈரக் கம்பளியைத் தோளிலிருந்து இறக்கினார். "சிலேட்டுல எழுதுத விசயமா அது?"

ஜெயபாய் கையை நீட்டினாள். நாடி பார்ப்பவள்போல் அவர் மணிக்கட்டைப் பற்றினாள். எண்ணவில்லை, விடவும் இல்லை. மூச்சுத்திணறலின் பலவகைகளைப் பெயர் சொல்லிப் பிரித்தறியும் புலமை அவளுக்கிருந்தது. அவ்வகைகளுள் ஒன்று பதினான்கு ஆண்டுகளாய்த் தன் வீட்டில் சாளரத்தைத் திறந்து திறந்து வைத்துக்கொண்டிருந்ததை அவள் பிடிவாதமென்றே கொண்டிருந்தாள்.

"அந்தத் துணிய எடுத்துப் போட்டுட்டு ஒரு கதவ மட்டும் தொறங்க," என்றாள். "ரெண்டு கதவும் வேண்டாம். எனக்கு இன்னும் சளி இருக்குது."

"ஒண்ணு மதி," என்றார் அவர்.

அன்று முழுவதும் அவர் பேசினார். அவள் கேட்டாள், ஐயம் எழுந்த இடங்களில் இடைமறித்தாள். புனலூரைக் கடந்ததும் காட்டுயானைகள் தண்டவாளத்தில் நின்றது பற்றியும், தென்மலை நிலையத்தில் குரங்கொன்று அவர் சோற்றுப் பொதியைத் தூக்கிச் சென்று அவர் கண்முன்னே பிரித்து உண்டது பற்றியும், மலையுச்சியில் தனித்த பெட்டியில் தமக்குத் தாமே திருச்சபைப் பாக்களைப் பாடிக்கொண்டது பற்றியும் அவர் உரைத்தார். "நீங்க பாடுவீங்களா?" என்று அவள் வியந்தாள். பாடச் சொன்னாள். அவர் மறுத்தார்; அதற்கும் ஒரு சிறு பூசல் விளைந்தது. பதினாலாம் கட்டிலைப் பற்றி அவர் கேட்கவில்லை. மாலையில் அவளே சொன்னாள். அவர் கேட்டு முடித்து, "பாவம்," என்றார், சிறிது கழித்து, "நல்ல மனுசனா?" என்றும் கேட்டார்.

சனிக்கிழமை அஞ்சலில் சற்குணத்தின் அட்டை வந்தது. ஞானசிகாமணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதனை உரக்கப் படித்தார். அக்காவுக்கென்று மேலறை வெள்ளையடித்தாயிற்று. தச்சரை வரவழைத்துக் கட்டிலையும் செப்பனிட்டாயிற்று. பொங்கல் கழிந்த மறுநாளே வந்துவிட வேண்டும். படித்து முடித்ததும் அட்டையை மடிமேல் வைத்து, அதன் விளிம்பை விரலால் நேராக்கினார். முப்பத்து நான்கு ஆண்டு பிறரை உரிய ஊர்க்கு உரிய பொழுதில் சேர்ப்பித்தவர், இப்போதும் அத்தொழிலையே செய்வார்போல், குரலில் ஒரு நடுக்கமும் இன்றிக் கேட்டார்:

"எந்த பஸ்ஸுக்குப் போவணும்?"

ஜெயபாய் அட்டையை வாங்கிப் பார்த்தாள். தங்கையின் வெள்ளையடித்த அறை அவள் உள்ளத்தில் தோன்றிற்று. அங்கே சாளரத்தை அவள் விரும்பியபடி மூடலாம். எவரும் திறவார். அந்த அமைதியை அவள் சில நாள் முன்னர் மெய்யாகவே விரும்பியிருந்தாள். இப்போதும் அதன்மேல் சிறிது ஆசை எஞ்சியிருந்தது என்பதை மறைப்பது முறையன்று. ஆயினும் அவ்வறையில் நேரம் தப்பாது மாத்திரையை நீட்டும் கை இருக்காது. முற்றத்துப் பனியில் விழித்திருந்து தன் குரலுக்குச் செவிசாய்க்கும் ஒருவர் இருக்கமாட்டார்.

"ரெண்டு பேருக்கு இடம் கிடைக்குத பஸ்ஸுக்கு," என்றாள்.

"ரெண்டு பேரா?"

"அவ ரூமெல்லாம் வெள்ளையடிச்சு வச்சிருக்கா. வரமாட்டேன்னு கடுதாசியில சொல்ல முடியுமா? நேருல போயிச் சொல்லணும். ரெண்டு நாளு இருந்துட்டு வந்திரலாம். அவ அழுவா. நீங்களும் கூட வந்தீங்கன்னா கொஞ்சம் கொறைச்சு அழுவா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

பொங்கல் கழிந்த நான்காம் நாள், குளிர் விலகிக் காலைவெயில் மீண்டும் தன் பழைய கடுமையோடு நகரத்தை ஆளத் தொடங்கிய வேளையில், இருவரும் தம்பானூரில் நாகர்கோவில் பேருந்தில் ஏறி, ஒரே இருக்கையில் அருகருகே அமர்ந்தனர். மணமான நாள்தொட்டு அவர்கள் சேர்ந்து பயணம் செய்ததுண்டு. ஆயின் அப்போதெல்லாம் அவள் மகளோடு பயணியர் பெட்டியிலும், அவர் கடைசிப் பெட்டியில் தம் பணியிலுமாக, ஒரே வண்டியில் இருவேறு உலகத்தில் சென்றனர். கரமனைப் பாலம் கடந்து, பாலராமபுரம் கடந்து, நெய்யாற்றின்கரையில் வண்டி நின்றபோது ஞானசிகாமணி தம்மை அறியாமலே எழுந்து, அவள்மேல் சாய்ந்து சாளரத்தின் வழியே தலையை நீட்டி, வண்டியின் பின்புறத்தைக் கூர்ந்து நோக்கினார். பழக்கம் அவரை விடவில்லை. ஜெயபாய் அவர் சட்டையின் பின்புறத்தைப் பற்றி உள்ளே இழுத்தாள்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டாள்.

"ஏறியாச்சு," என்று அவர் நாணத்தோடு அமர்ந்தார். நடத்துநர் மணியடித்தார், வண்டி நகர்ந்தது.

அதன்பின் அவ்விருவரும் தைக்காட்டு வீட்டில் இன்னும் ஒன்பது மார்கழிகளைக் கண்டனர். பூசலின்றிக் கண்டனர் என்று எழுதினால் அது பொய்யாகும். பூசலிடுதற்கு இப்போது அவர்களுக்கு நேரம் நிரம்ப இருந்தது. வண்டியைக் காக்கவும் நோயைத் தணிக்கவும் இளமையிலே பயின்ற அவர்கள், உடனிருத்தல் என்னும் தொழிலை மட்டும் முதுமையிலே தொடங்கினர். தொடங்கியவர் பலரினும் பிந்தித் தொடங்கினர். ஆயினும் ஒன்பதாம் மார்கழியில் அவர் அமைதியாய்க் கண்மூடிய பிற்பகலில், வலி உண்டா என்று கேட்டவளும் அவள்தான், இல்லையென்ற விடையைக் கேட்டவளும் அவள்தான். அம்முறை அவள் யாரைக் கேட்கிறாள் என்பதில் இருவர்க்கும் ஐயம் இருக்கவில்லை.